இரண்டாவது குமிழி

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, ஒட்டுக்கேட்டேன். 2008, ஒரு சனிக்கிழமை மதியம், ஹெப்பகோடியிலிருந்து சிவாஜிநகர் போகும் பஸ். முழங்கால் வலிக்காரி என்று முன்சீட்டில் இடம் கொடுத்திருந்தார்கள். பின்சீட்டில் இரண்டு பெண் குரல்கள். திரும்பிப் பார்க்கவில்லை. கதை எனக்குக் குரலாகத்தான் வரும். முகம் வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "எலக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலில்—" வேண்டாம். கட்டடம் பேசாது.

ஆகவே:

"ஒரு தடவைதாங்க வேலை செய்யுது. ரெண்டாவது குமிழி வந்தா கட்டை மாதிரி கெடக்குது."

2

சொன்னவள் தமயந்தி, ஆரணிக்காரி. (பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. ஊர் அவள் வாயால் வந்தது.) டயாலிசிஸ் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுகிறாள். ரத்தம் உடம்புக்குத் திரும்பும் குழாயில் காற்றுக் குமிழி வந்தால் சென்சார் கூப்பிடும். கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, அவளுடைய புரோகிராம் ஓடிப்போய்க் குழாயை இறுக்க வேண்டும். அந்தக் கூப்பாட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர்.

இதுவரை அந்தப் புரோகிராம் தனிச் சிப்பில், அடியில் ஆபரேட்டிங் சிஸ்டம்கூட இல்லாமல், தனிக்குடித்தனம் நடத்தியது. இப்போது திரைக்கான புரோகிராமையும் அதே சிப்பில் குடிவைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஹைப்பர்வைசர் என்று ஒரு காவல்காரியை வாசலில் நிறுத்திவிட்டார்கள். எந்தக் கூப்பாடும் முதலில் அவளிடம்தான் வரும். அவள்தான் உரியவரிடம் சேர்ப்பாள். அந்தக் காவல்காரியை எழுதியவள்தான் இரண்டாவது குரல்: பிரிஜெட், சிவாஜிநகரிலேயே பிறந்தவள். இருவரும் அதுவரை மெயிலில் மட்டுமே சண்டை போட்டவர்கள்.

திங்கட்கிழமை மேனேஜர் சீனிவாசராகவன் முன்னால், குழாயில் ஊசியால் இரண்டு குமிழி விடுவார்கள். இரண்டாவதைத் தவறவிட்டால் தமயந்தியின் புரோகிராம் குப்பைக்குப் போகும். அவளுக்கு வேலை நிரந்தரமாகாது. இதை அவள் சொன்னபோது குரல்—

[காலிங் பெல். கேஸ் சிலிண்டர்.]

வந்துவிட்டேன். குரல் எப்படி இருந்தது? கம்ப்யூட்டர் எழுந்து போகுமுன் விட்ட இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத்தான் போகுமாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

3

"உங்க பக்கம்தான் தப்பு," என்றாள் தமயந்தி. "முதல் குமிழியைக் குடுத்தீங்க. ரெண்டாவதை ஏன் அமுக்கிட்டீங்க?"

"நான் ஏன்மா அமுக்கறேன்? ஒண்ணை நீங்க முடிக்காம அடுத்ததைக் குடுக்க மாட்டேன். அதான் ரூல்."

"முடிச்சேனே! முடிஞ்சதுன்னு சிப்புல நேரா எழுதறேனே! முந்தின கம்பெனியில நாலு வருஷமா அப்படித்தான்."

பிரிஜெட்டின் குரல் ஏறியது.

"நேராவா? அய்யய்யோ. அந்த எடத்துல இனிமே நீங்க எழுத முடியாது. எழுதினா நான் தூக்கிக் கடாசிடுவேன்."

"சொல்லாமலா?"

"சொல்லாமத்தான்."

"அடிப்பாவி! ஒரு எரர் காட்டக் கூடாதா?"

'அடிப்பாவி'க்குப் பிறகு இருவரும் 'நீங்க' சொல்லவில்லை. கவனித்தேன்.

"மெயில் போட்டேனே, நாலாவது பக்கத்துல. எவ படிச்சா? எங்கிட்டயே வந்து 'ஆய்த்து'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும்டீ. நீ வேற யார்கிட்டயோ சொல்லிட்டு எம்மேல பழி போடற."

(ஆய்த்து: கன்னடத்தில் 'ஆயிற்று'. சிவாஜிநகர்த் தமிழில் இதெல்லாம் கன்னடமாகக் கணக்கில்லை.)

இந்த இடத்தில், கண்டக்டர் 'ரைட்' சொல்ல மறக்க, பஸ் நகராமல் நிற்க, அதைப் பார்த்து இருவருக்கும் விஷயம் விளங்கியதாக ஒரு பக்கம் எழுதினேன். அழகாக இருந்தது. கிழித்துவிட்டேன். அன்று கண்டக்டர் ஒழுங்காகத்தான் ரைட் சொன்னார்.

"அப்ப முதல் வரியிலயே ஆய்த்துன்னு சொல்லிடறேன். அப்புறம் நிதானமா இறுக்கறேன்."

"சொல்லு, சொல்லு. சென்சார் இன்னும் கத்திட்டே இருக்கும். அதே குமிழிக்கே உன்னைத் திரும்பக் கூப்பிடுவேன். நீ திரும்ப ஆய்த்தும்ப. ரெண்டு பேரும் கும்மி அடிச்சிட்டே இருக்கலாம்."

தமயந்தி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

"சரி. குழாயை இறுக்கணும். சென்சார் வாயை மூடணும். கடைசியா உங்கிட்ட சொல்லணும்."

"அதேதான்."

4

மடிவாளா ஸ்டாப்பில் தமயந்தி எழுந்தாள்.

"எங்கடி?"

"ஆபீசுக்கு. எதிர் பஸ் பிடிக்கறேன்."

"இன்னும் சாப்பிடல நீ."

"ரெண்டாவது குமிழியைப் பாக்காம சோறு எறங்காது."

"வேலை செஞ்சா ஒரு மிஸ்டு கால் குடு."

"ரெண்டு குடுக்கறேன். ஒண்ணு மட்டும் வந்தா நம்பாத."

5

முடிவுகள்.

சீனிவாசராகவன் கைதட்டினார். (அவர் குரலையே நான் கேட்டதில்லை. கையை மட்டும் எப்படிக் கேட்பேன்? அந்த வரியை அடித்துவிட்டேன்.)

பெட்டியோடு ஆரணி பஸ்ஸில் தமயந்தி— (முடிக்க மனம் வரவில்லை.)

மூன்றாவது: அன்று சாயங்காலம் சிவாஜிநகரில் தலையணை உறைக்குத் துணி தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். இது நிஜம். நான்காவது கடையில் எனக்குப் பின்னால் பிரிஜெட்டின் அதே குரல், நைட்டித் துணி கேட்டது. இது நிஜமா என்று கேட்காதீர்கள். போன் ஒரு தடவை அடித்து நின்றது.

"போன் எடுக்கலயாக்கா?" என்றார் கடைக்காரர்.

"சும்மா இருங்கண்ணா. இன்னொண்ணு வரணும்."

கத்திரி துணியில் பாதியில் நின்றது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்கலாமா என்று இருந்தது. பார்க்கவில்லை, பார்த்தால் காது அடைத்துவிடும்.

நீங்களும் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள். கேட்கும்.