நடுவில் விழுகிற குண்டு

சவப்பெட்டியின் மூடி மூன்றாவது தடவையும் கால்பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்தது. தச்சர் வேதமாணிக்கம் அதைப் பிடித்து மேலே தள்ளினார். கையை எடுத்ததும் மறுபடி வழுக்கியது. துக்கத்துக்கு வந்தவர்கள் பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிறபோது வருமே ஒரு அமைதி, அதுதான் இருந்தது.

வாசற்படியில் நின்றிருந்த ஹில்டாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே ஐஸ் பெட்டியில் படுத்திருக்கும் அவள் புருஷன் இக்னேஷியஸ் மட்டும் எழுந்து வந்து பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

பின்பால் என்கிற விளையாட்டு மெஷினுக்குச் செய்கிற மரப்பெட்டி பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். உள்ளே விடுகிற இரும்புக் குண்டு ஆடுகிறவனை நோக்கி உருண்டு வர வேண்டுமே. இக்னேஷியஸின் பட்டறையில் ஒன்பது வருஷமாக அந்தப் பெட்டியைத் தவிர வேறெதையும் செய்யாதவர் வேதமாணிக்கம். முதலாளியின் கடைசிப் பெட்டியை நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்து, காலையில் அழுதுகொண்டே பலகை அறுத்ததில், அதற்கும் தலைப்பக்கம் நாலு விரல் உயரம் வைத்துவிட்டார்.

"தப்பு நடந்துபோச்சுக்கா," என்றார். "பட்டறைக்கு எட்த்துக்கினு போயி சீவிக்கினு வந்துர்றேன். ஒரு மணி நேரம் குடு."

"ஃபாதர் நாலரைக்கு வராரு. மறந்துராத," என்றாள் பிலோமினா, இக்னேஷியஸின் அக்கா. அப்போது மணி ஒன்றரை.

காலிப் பெட்டியை டெம்போவில் ஏற்றினார்கள். ஹில்டா படியிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, டெம்போவின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

பிலோமினா ஓடி வந்தாள். "இன்னாடி இது? பொணம் நடுவூட்ல கீது, நீ எங்க கிளம்பிட்ட? ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும் அண்ணி. நான் வந்துர்றேன்."

"பையன் ஜெரி கப்பல்ல மாட்டிக்கினு வரமுடியல. நீயும் போயிட்டா என் தம்பி பக்கத்துல யாரு உக்கார்றது?"

"நீங்க உக்காருங்க," என்றாள் ஹில்டா. குரலை உயர்த்தவில்லை. டிரைவர் பிலோமினாவின் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்குப் போகிற சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் நின்றிருந்தன. டெம்போ ஊர்ந்தது. மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹில்டாவுக்கு ஒரே ஒரு நினைப்புதான். பொய் சொல்லிவிட்டேன். கடைசியாக அவரிடம் பேசிய பேச்சு பொய்யாகப் போய்விட்டது.

இக்னேஷியஸ் துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். வெளிநாட்டு மாலுமிகள் கிளப்பில் பழுதாகிக் கிடந்த பின்பால் மெஷின் ஒன்றை ரிப்பேர் செய்யப் போய், அதன் மேல் பைத்தியம் பிடித்து, வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகவே மெஷின் செய்ய ஆரம்பித்துவிட்டார். ஒரு மெஷினுக்கு ஆறு மாதம், சிலதுக்கு எட்டு மாதம். முதலில் வெறும் பலகையில் பென்சிலால் கோடு போடுவார். எந்த மேட்டில் ஏறி எந்த வளைவில் இறங்கிக் குண்டு எங்கே வர வேண்டும் என்று ஒரு மாதம் அந்த மொட்டைப் பலகையிலேயே ஆடிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் பெயின்ட், விளக்கு, கரண்டுக் கம்பி சுற்றின காயில் எல்லாம். எந்த நேரத்தில் எந்த விளக்கு எரிய வேண்டும், எவ்வளவு புள்ளி ஏற வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் எழுதி உள்ளே ஏற்றுவது பட்டறைப் பையன் ஹுமாயூன்.

கடைசியாகச் செய்த மெஷினில் ஹார்பர் வரைந்திருந்தது. குட்டி கிரேன் ஒன்று காந்தத்தால் குண்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கப்பலுக்குப் பக்கத்தில் இருக்கிற சரிவில் இறக்கும். பலகையின் கீழ்க்கோடியில் இரண்டு சின்னக் கைகள். ஆடுகிறவன் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற பித்தான்களை அமுக்கினால் அவை குண்டை மேலே தட்டும். இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் குண்டு விழுந்தால் போச்சு. கிரேன் இறக்குகிற குண்டு நேராக அந்தச் சந்தில் போய் விழுந்தது. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனாலும் அதைத் தொட முடியாது. அதைச் சரிசெய்வதற்குள் இக்னேஷியஸ் படுத்த படுக்கையாகிவிட்டார். இதயம் வீங்கிவிட்டது, நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நீ போயி ஆடிட்டு வா இல்டா," என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்? ஹுமாயூன ஆடச் சொல்லுங்க."

"அவன் கெட்டிக்காரன். மெஷின் தப்பா இருந்தாலும் சமாளிச்சிருவான். ஆட வர்றவன்லாம் இன்னா எஞ்சினியரா? உன்ன மாதிரி ஒண்ணும் தெரியாதவதான் வேணும்."

அந்தப் பேச்சுக்கு அவள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் போனாள். இரண்டு மாதமாகத் தினமும் பஸ் ஏறிப் பட்டறைக்குப் போய் ஆடிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவாள். அவர் மடியில் பலகையின் படம். காதில் பென்சில். குண்டு எங்க தொட்டுச்சி? தொட்டுச்சா, ஒரசிச்சா? டொக்குன்னு கேட்டுச்சா? எந்தப் பக்கம் பாத்து வுயுந்துச்சி? வேகமாவா, சோம்பேறியாவா? முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அவளிடம் இத்தனை கேள்வி கேட்டதே இல்லை. சாம்பாரில் உப்பு கூடவா குறைவா என்றுகூடக் கேட்கமாட்டார். அந்தக் கேள்விகளுக்காகவே அவள் பஸ் ஏறினாள். அதை அவரிடம் சொன்னதில்லை.

வியாழக்கிழமை அவள் திரும்பி வந்தபோது அவருக்குக் கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தது. பேசுவதற்கு முன்னால் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியும் பென்சிலை எடுத்துவிட்டார்.

"இன்னா ஆச்சி?"

அன்றைக்குப் பன்னிரண்டு தடவை ஆடி, பன்னிரண்டு தடவையும் குண்டு நடுவில்தான் விழுந்திருந்தது.

"நின்னுடுச்சிங்க," என்றாள் ஹில்டா. "எடது கைக்கு வந்துச்சி. தட்டினேன், மேல போச்சி."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். படத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் செருகினார். "அப்ப சனிக்கெழம லாரி ஏத்திருங்க," என்று சொல்லிவிட்டு, கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்திருக்கவில்லை.

நிஜத்தைச் சொல்லியிருந்தால் அந்தப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு நாள் இருந்திருப்பாரோ? இதை யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு லாரி வந்துவிடும். பெங்களூரில் ஒரு புது விளையாட்டுக் கூடத்தை நாளைக்குத் திறக்கிறார்கள்.

பட்டறையில் ஹுமாயூன் மெஷினைச் சாக்குப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தினான்.

"இன்னாக்கா, நீ இங்க?"

"சாக்க அவுத்துரு. குண்டு நடுவுலதான் வுயுது. நான் அவரு கிட்ட பொய் சொல்லிட்டேன்."

ஹுமாயூன் வேதமாணிக்கத்தைப் பார்த்தான். வேதமாணிக்கம் சவப்பெட்டியை இரண்டு ஸ்டூல்கள் மேல் வைத்துக்கொண்டே ஹுமாயூனைப் பார்த்தார்.

"நீ சொன்னத நம்பித்தான் நானும் ஆடிப் பாக்கலக்கா," என்றான் ஹுமாயூன் மெதுவாக. "அண்ணனே சரின்னுட்டாருன்னு வுட்டுட்டேன். இப்ப யாரு இருக்கா சொல்றதுக்கு? சரிவாண்ட கீற போஸ்ட்ட எவ்ளோ நகத்தணும்னு அவருக்குத்தான் தெரியும். பெயின்ட் அடிச்ச பலக. எடம் மாத்தி ஓட்ட போட்டா ஆறு மாச வேல பூடும்."

"அவரு கேக்கறது எனக்குத் தெரியும்," என்றாள் ஹில்டா. "கண்ணாடியத் தூக்கு."

மேல்கண்ணாடியை எடுத்துவிட்டு மெஷினைப் போட்டான். ஹில்டா துக்க வீட்டு வெள்ளைச் சேலையோடு அதன் முன்னால் நின்றாள். பக்கத்தில் வேதமாணிக்கம் சவப்பெட்டியின் தலைப்பக்கத்தை அறுக்க ஆரம்பித்தார். கிரேன் குண்டைத் தூக்கியது, நகர்ந்தது, இறக்கியது. சரிவின் வாயில், வலது பக்கம், ரப்பர் வளையம் போட்ட சின்ன முளையாக அந்த போஸ்ட் நின்றது. குண்டு அதைத் தாண்டி நேராக நடுவில் விழுந்தது.

குண்டு எங்க தொட்டுச்சி இல்டா?

"தொடல," என்றாள் வாய்விட்டே. "டொக்குன்னு கேக்கல. ஒரசினாப்புல ஒரு சத்தம், அவ்ளோதான். போஸ்ட்டு எட்டி நிக்குது. உள்ள வரணும்."

"எவ்ளோ?"

"ஓட்ட போடறதுக்கு முன்னாடி அவரு ரப்பர் மேல ரப்பர் போட்டுப் பாப்பாரு இல்ல? போடு."

ஹுமாயூன் இன்னொரு வளையத்தை மாட்டினான். இந்தத் தடவை டொக்கென்று கேட்டது. குண்டு இடது பக்கம் பாய்ந்து, கைக்கே வராமல், ஓரத்துச் சாக்கடையில் போய் விழுந்தது. ஓரமாக விழுந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

"ரொம்ப வேகம்," என்றாள். "சோம்பேறியா வரணும். மெல்லிசு ரப்பர் கீதா?"

மெல்லிசு மாட்டினார்கள். ஆறு தடவை கிரேன் இறக்கியது. ஐந்து தடவை குண்டு நிதானமாக இடது கைக்கு வந்தது. ஒரு தடவை தப்பியது. அறுப்பதை நிறுத்திவிட்டு வந்து பார்த்துக்கொண்டிருந்த வேதமாணிக்கம், "தீக்குச்சி கனம் நகந்தா போதும்," என்றார். "தீக்குச்சியும் ஒரு மயிரிழையும்."

டிரில்லை எடுத்துக்கொண்டு அவர் குனிந்தார். காலையில் ஒரு தப்பு செய்த கை. அவர் நிமிர்ந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தார்.

"போடுங்கண்ணே," என்றாள் ஹில்டா. "நான் சொல்றேன் இல்ல."

போட்டார். பழைய ஓட்டையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, ஹுமாயூன் அதன் மேல் கடல் நீலம் ஒரு சொட்டு வைத்தான். வேதமாணிக்கம் சவப்பெட்டிக்குத் திரும்பிப் போய், இழைத்து, மூடியை வைத்துப் பார்த்தார். வழுக்கவில்லை. மூடி நின்றதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, டிரைவரோடு சேர்ந்து பெட்டியை டெம்போவில் ஏற்றினார்.

"கடசியா ஒரு தடவ ஆடிப் பாத்துர்றேன்," என்றாள் ஹில்டா.

வலது ஓரத்துக் கம்பியை இழுத்துக் குண்டை விட்டாள். மேலே போய் இரண்டு விளக்கைத் தட்டிவிட்டுக் கிரேனிடம் மாட்டியது. கிரேன் இறக்கியது. டொக். இடது கை. தட்டினாள். மறுபடி மேலே போனது. இத்தனை நாளில் அவள் கையில் ஒரு குண்டு அரை நிமிஷம் நின்றதில்லை. இப்போது நின்றது. கிரேன் இரண்டாவது தடவை இறக்கியது, மூன்றாவது தடவை இறக்கியது. கப்பலில் விளக்கு வரிசையாக எரிய ஆரம்பித்தது. ஹுமாயூன் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்த சங்கு ஊதியது. அந்தச் சங்கை அவள் முதல் தடவையாகக் கேட்கிறாள். நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க ஜெரி அப்பா என்று நினைத்தாள். இதை வியாழக்கிழமை சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குக் கண் மறைத்தது. கண் மறைத்தும் கை தட்டிக்கொண்டே இருந்தது.

வெளியில் டெம்போ ஹார்ன் அடித்தது.

"யக்கா," என்றான் ஹுமாயூன். "மணி மூணே முக்கால்."

"இரு."

குண்டு விழவில்லை. வலது கை, மேலே, கிரேன், இடது கை. வாசலில் வேதமாணிக்கம் வந்து நின்றார். ஹார்ன் இன்னொரு தடவை அடித்தது.

ஹுமாயூனின் கை மெஷினுக்கு அடியில் இருந்த ஸ்விட்சுக்குப் போனது.

"அணைக்காத," என்றாள் ஹில்டா.

இன்னும் இரண்டு தடவை தட்டினாள். கிரேன் குண்டைத் தூக்கிக்கொண்டு நகர ஆரம்பித்தபோது பித்தான்களிலிருந்து தன் இரண்டு கைகளையும் எடுத்து, பக்கத்தில் தொங்கவிட்டாள். கிரேன் இறக்கியது. டொக்கென்று கேட்டது. குண்டு நிதானமாக இடது கையின் மேல் வந்து, அதன் நுனிவரைக்கும் உருண்டு, நடுவில் இறங்கியது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் டெம்போவில் ஏறினாள். உள்ளே அடுத்த குண்டு தானாக வலது ஓரத்தில் வந்து நின்றது. ஹுமாயூன் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் நின்றான்.