விட்டுப்போன பெயர்

மைக்கைக் கையில் வாங்கியதுமே மாரிசெல்விக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. நாகலாபுரம் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் காந்தி ஜெயந்தி கிராம சபை. ஊருக்கு வடக்கே கிடக்கும் மேய்ச்சல் பொட்டலைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம் என்று கிளார்க் தீர்மானத்தை வாசித்து முடித்திருந்தார். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொள்வது அந்தச் சபையின் பழக்கம். பொட்டலில் வேலி விழுந்தால், மாரிசெல்வி ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கோவில்பட்டிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

போன சபையிலும் பேச எழுந்தாள். "ஐயா" என்றதோடு மேலே வார்த்தை வராமல் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் சிரித்தது. அந்த அவமானம் தாங்காமல்தான், கட்சிக் கூட்டங்களில் முழங்குகிற கொழுந்தன் இசக்கிராஜாவிடம் யோசனை கேட்டாள்.

"மதினி, மொதல்ல மேடையில இருக்குதவிய பேரை எல்லாம் வரிசையா 'அவர்களே, அவர்களே'ன்னு போடுங்க. அதுக்குள்ள நடுக்கம் போயிரும். ஒரு பேரு விட்டுப்போச்சோ, தொலைஞ்சீங்க!"

சொல்ல விஷயமே இல்லாதவனுக்கு அது நல்ல யோசனைதான். பாவம், மாரிசெல்வி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஆட்டுக்குப் பின்னால் நடந்தபடி பெயர்களை உருப்போட்டாள். பொட்டலைப் பற்றிப் பேசத்தான் பழகவில்லை.

"தலைவர் கிருஷ்ணவேணி அவர்களே..." என்று தொடங்கினாள். தலைவர் நாற்காலி கிருஷ்ணவேணிக்கு, வாய் மட்டும் அவள் கணவர் வேணுகோபாலுக்கு. அவரையும் சொன்னாள். முன்னாள் தலைவர் ராமசுப்புவைச் சொன்னாள். ஒவ்வொரு "அவர்களே"க்கும் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. எல்லாரையும் சொல்லியாயிற்று என்று மூச்சுவிட்டபோது, மேடையின் ஓர நாற்காலியிலிருந்து துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் கோயில் தர்மகர்த்தா நவநீதகிருஷ்ணன்.

"என்னைப் பாத்தா மனுசனாத் தெரியலையோ? ஏலே, எந்திரிங்க, போவோம்!"

அவர் சொந்தக்காரர்களான பாதிக் கூட்டமும் எழுந்தது. ஒரே கூச்சல். வேணுகோபாலுக்கு முகமெல்லாம் பல்.

"ஆடு மேய்க்கவளுக்கு மைக்கு எதுக்கு? ஏகமனதுன்னு எழுதுங்க சார்."

கிளார்க் பேனாவைத் திறந்தார். மாரிசெல்வி உருப்போட்ட பெயர்கள் தீர்ந்துவிட்டன. அதற்கு மேல் கையில் ஒன்றுமில்லை. எதிரே நவநீதகிருஷ்ணன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"அண்ணாச்சி, தப்புதான். பொறவு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு மன்னிப்பு கேக்கேன். இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. உங்க மாடு எங்கன மேயுது?"

அவர் திரும்பினார். "இது என்ன கேள்வி? பொட்டல்லதான்."

"அங்கன வேலி போட்டுட்டா?"

மாட்டிய செருப்பை அவர் மெல்லக் கழற்றினார். மாரிசெல்வி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஆறுமுகத்தாய் மதினி, உங்க ஆடு?"

"அங்கனதான்!"

"எங்க மாடும் அங்கனதான் தாயி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். இப்போது சிரிக்க யாருமில்லை.

வேணுகோபால் கையை நீட்டினார். "சரி சரி, அடுத்த சபையில பாத்துக்கிடலாம். மைக்கைக் குடு."

அவள் கொடுக்கவில்லை. "அதுக்குள்ள கம்பி வேலி வந்துரும் அண்ணாச்சி. சபைக்குச் சம்மதம் இல்லன்னு இப்பவே எழுதச் சொல்லுங்க."

கிளார்க் வழக்கம்போல வேணுகோபாலைப் பார்த்தார்.

"அவுகளை ஏன் பாக்கீங்க? தலைவரு இவிய இருக்காவல்லா?" என்றாள் மாரிசெல்வி.

கிருஷ்ணவேணி கணவரை ஒரு தடவை பார்த்தாள். அவர் முறைத்தார். அவள் குனிந்துகொண்டே மெல்லச் சொன்னாள்: "எழுதுங்க. சம்மதம் இல்ல."

முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. மாரிசெல்வி மேடையேறிப் போய் அவள் வாயருகே மைக்கைப் பிடித்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா."