மறைத்த ஓவர்டைம்

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, செவ்வாயில், கிரிஜா நாலு வயது சுஜீத்தை ட்ராமில் ஏற்றிக் குரோய்டனுக்குக் கூட்டிப்போவாள். அவன் இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து ஒன்றரை வருடமாகியும் முறை வரவில்லை. அதனால் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் காசு கட்டித்தான் போகிறாள். சுஜீத்துக்கும் மூத்த பிள்ளைக்குமாக அரசாங்கம் தரும் சைல்ட் பெனிபிட்தான் அந்தக் காசு. அவள் பெயரில் வேறு சல்லியும் வருவதில்லை. கணவன் ஞானேஸ்வரன் ரயில் ஓட்டுகிறவன். கேட்டால், "என்ர சம்பளம் வீட்டுக் கடன் மோட்கேஜுக்கே காணாது" என்பான்.

அன்று வகுப்பு முடிந்து அவள் ஆசையாய் வீட்டுக்கு ஓடி வந்தபோது, அவன் வரிக் கடிதத்தோடு குந்தியிருந்தான்.

"ரெண்டு வருசமா எடுத்த பெனிபிட்டை முழுக்கத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கிடக்கு. அபராதமும் போட்டிருக்கு."

"ஏன்? நான் ஒரு பொய்யும் எழுதேல்லையே."

பொய் அவளுடையதில்லை. தாய் தகப்பனில் ஒருவர் வருடத்துக்கு அறுபதாயிரம் பவுணுக்கு மேல் உழைத்தால், அந்தக் காசில் ஒரு பங்கை வரியாகத் திருப்பிக் கட்டவேண்டும். எண்பதாயிரத்தில் முழுவதும் போய்விடும். அவன் உழைத்தது எண்பத்தையாயிரம். அவளுக்குச் சொன்னது ஐம்பதாயிரம்.

"லீவு நாளெல்லாம் ஓவர்டைம் செய்தனான். சொன்னா நீ உன்ர அக்காவிட்டச் சொல்லுவாய், பிறகு சொந்தமெல்லாம் கடன் கேக்கும். ஊரில வீடு கட்டுறன், எல்லாருக்கும்தானே!" என்று போனில் படம் காட்டினான். ஆறு அறை, மாபிள் தரை. குடியிருக்க ஒரு குருவிகூடக் கிடையாது.

"அப்ப சுஜீத்தின்ர கிளாஸ்?"

"இப்ப ஏலாது. ஊர் வீட்டுக்கு லோன் எடுத்தாச்சு. உன்ர எக்கவுண்டில இருக்கிறதையும் அபராதத்துக்குத் தா."

அன்றுதான் சுஜீத் முதன்முதலாக உதட்டைக் கூட்டி "ம்" என்றிருந்தான். சீக்கிரம் 'அம்மா' வந்துவிடும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லத்தான் கிரிஜா ஓடி வந்தாள். பாவி மனுசனிடம் இனி எதைச் சொல்வது?

"சொந்தத்துக்கு மறைக்கிறன் எண்டு நினைச்சீங்கள்," என்றாள். "மனிசிக்குச் சம்பளத்தை மறைக்கிறவன் தன்ர பிள்ளையைத்தான் ஏமாத்துறான். உள்ளதைச் சொல்லியிருந்தா நான் அந்தப் பெனிபிட்டைத் தொட்டிருக்கவே மாட்டன். உங்கட உழைப்பிலயே கிழமைக்குக் கிழமை கிளாஸுக்குப் போய் இவன் இண்டைக்குக் கதைச்சிருப்பான்."

அவள் போனை எடுத்து அடுத்த வகுப்பை நிற்பாட்டினாள்.

சுஜீத் தகப்பனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கூட்டினான். "ம்… ம்…" அதற்கு மேல் வரவில்லை.