பழம்பொரி தின்ற புத்தகங்கள்

ஷமீனா நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துப் பொதிந்து கொடுத்த பழம்பொரியை, வாங்கியவர் பள்ளுருத்தி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் காகிதமே தின்றுவிட்டது. எண்ணெய்ப் பிசுக்குகூட மிச்சமில்லை. மட்டாஞ்சேரி கடைத்தெருவில் அந்த வாரம் இதைவிட மிளகு விலை இறங்கியதைத்தான் பெரிதாகப் பேசினார்கள். ஆனால் காலிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தவர்கள் சும்மா விடுவார்களா? கள்ளி என்றே ஏசிவிட்டுப் போனார்கள். மாதம் முடிவதற்குள் அவள் வண்டிப் பக்கம் ஈ காக்கை வரவில்லை. அந்தத் தள்ளுவண்டியை விட்டால் பாவம், அவளுக்கு வேறு கதியும் கிடையாது. குடோனில் மூட்டை தூக்கி இடுப்பொடிந்த புருஷன் ரஃபி படுத்த படுக்கை. விற்று மிஞ்சுவதுதான் இருவருக்கும் ராச்சாப்பாடு.

காகிதம் கொடுத்தவர் பழைய பேப்பர் வியாபாரி சேவியர். கப்பலில் கழிவாக வந்த அமெரிக்கப் புத்தகக் கட்டு அது. பக்கத்து ஜெராக்ஸ் கடை சுபாஷிணி ஒன்றை எடுத்துப் புரட்டினாள். "ஷமீனா இத்தா, ஏதோ மலைநாடு இது. கரிச்சுரங்கத்தை மூடிட்டாங்க. ஆம்பிளைக்கு முதுகு போச்சு. பொம்பளை வீடு வீடாப் பாத்திரம் கழுவிக் குடும்பத்தை இழுக்கிறா. எல்லாப் புத்தகமும் இதே கதைதான்."

"போடீ! அமெரிக்காவுல எவ பட்டினி கிடக்குறா?" ஷமீனாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அவள் வாயில் மண்ணைப் போட இந்தப் புத்தகங்கள் அவ்வளவு தூரத்திலிருந்தா கிளம்பி வரவேண்டும்?

"விடு மோளே, பேப்பர் மில்லுக்கு அரைக்க அனுப்பிடறேன். உனக்கு நியூஸ்பேப்பர் தரேன்" என்றார் சேவியர். விட்டது சனி என்று அவளும் தலையாட்டினாள். அவர் புத்தகக் கட்டைத் தூக்கி ஆட்டோவில் வைத்தபோது உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள். நெஞ்சு வறண்ட, தூசி தின்ற இருமல். ரஃபி இருமுவது அப்படித்தான்.

"இறக்குங்க சேட்டா" என்றாள் ஷமீனா.

நியூஸ்பேப்பர் எதையும் தின்னவில்லை. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ரஃபியின் கட்டிலோரம் போட்ட புத்தகக் கட்டின்மேல் அவள் தினமும் மிச்சத்தில் பாதியைத் திட்டிக்கொண்டே வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் காணாமல் போயிற்று. இரண்டு மழைக்காலம் இப்படியே கழிந்தது. இருவரும் அரைவயிற்றோடு படுத்தார்கள். ஒரு நாள் வியாபாரம் அமோகம். மிஞ்சிய பழம்பொரி ஒன்றே ஒன்று. அதை ரஃபியின் தட்டில் வைத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்தாள். இன்று யாருக்கும் ஒன்றும் கிடையாது என்று புத்தகக் கட்டைப் பார்த்தே சொன்னாள்.

ரஃபி பழம்பொரியை மூன்றாகப் பிட்டான்.

"அதைக் கொஞ்சம் இங்கிட்டு நகத்து. எனக்குக் கை எட்டல."

ஷமீனா முனகிக்கொண்டே எழுந்து புத்தகக் கட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.