நான் எடுத்துவிட்ட கேள்வி

மலையடிவாரத்தில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு யார் போன் செய்தாலும் மேனேஜர் சுப்பிரமணி அண்ணன் முதலில் கேட்பது ஒன்றுதான். பகல் முகூர்த்தமா, ராத்திரி முகூர்த்தமா? திருத்தணியில் அதைக் கேட்காமல் தேதி கொடுக்க முடியாது. திங்கள் காலை முகூர்த்தம் என்றால் தமிழ்க் குடும்பம் ஞாயிறு சாயங்காலமே சட்டி பானையோடு வந்து இறங்கிவிடும். தெலுங்கு பேசும் குடும்பங்கள் பலவற்றில் ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்குத்தான் தாலியே கட்டுவார்கள். தேதி வேறு வேறு, மண்டபம் வேண்டியது ஒரே நேரத்துக்கு.

எனக்குத் தெரியாததா இது? எங்கள் வீட்டில் பேசுவதே தெலுங்கு. என் கல்யாணமே ராத்திரி முகூர்த்தம். என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, தூக்கக் கலக்கத்தோடு தாரை வார்க்கும் போட்டோ இன்னும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது.

பிழைப்புக்கு நான் செய்வது, ஆளுக்குப் பதிலாக வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்ட்டுகளுக்குக் கருவிக் குறிப்பு எழுதுவது. கருவி என்றால் பதிவு போடுவது மாதிரி அது செய்யக்கூடிய ஒரு வேலை. ஏஜென்ட்டுக்கு ஊரும் தெரியாது, ஊர் வழக்கமும் தெரியாது. இந்தக் கருவி இதைச் செய்யும், இன்னதைக் கேட்டுக்கொண்ட பிறகே இதைத் தொடு என்று நாம் எழுதி வைத்தால்தான் அதற்குத் தெரியும். மண்டபத்து வாட்ஸ்அப்பில் பதிவு எடுக்க ஒரு ஏஜென்ட் வேண்டும் என்று முதலாளி தணிகைவேல் எங்கள் கம்பெனியைக் கேட்டபோது, உள்ளூர்க்காரி என்று வேலையை என்னிடம் தந்தார்கள். ஒரு காலை முழுக்க சுப்பிரமணி அண்ணன் எதிரில் உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். பகலா ராத்திரியா என்பதும் அதில் இருந்தது.

அப்புறம் வீட்டுக்கு வந்து அதை அழகுபடுத்தினேன். குறிப்பு சுருக்கமாக எழுதுவதில் எனக்கு ஒரு கர்வம். 'பெயரும் தேதியும் கொடுத்தால், அந்தத் தேதி காலியாக இருந்தால் மண்டபத்தைப் பதிவு செய்யும்.' ஒரே வரி. கேள்வியை எடுத்துவிட்டேன். மறந்துபோகவில்லை, எடுத்துவிட்டேன். தேதி என்றால் தேதிதானே என்று அன்றைக்கு நினைத்தேன் பாருங்கள், அதற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பதிவுப் பட்டியல் தினமும் அண்ணன் போனுக்குப் போகும், அவர் ஒருமுறை பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

ஆவணியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் மண்டப வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. ஒன்று அரக்கோணத்திலிருந்து, மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு. இன்னொன்று பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து, அன்று ராத்திரி முகூர்த்தத்துக்கு. முதலாளி போன் செய்து கூப்பிட, நானும் ஓடினேன். பள்ளிப்பட்டுக் கல்யாணப் பெண் துர்கா, மாலை வாடாமல் இருக்க ஈரத்துணி போட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டு, வேனை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளுக்குக் கிடைத்தது கீழே இருக்கும் சாப்பாட்டு ஹால்தான். மேசைகளை ஒதுக்கிவிட்டு, சாம்பார் வாசனைக்கு நடுவில் மணவறை போட்டார்கள்.

"லிஸ்டு தெனம் உன் போனுக்கு வருதில்ல? அதப் பாக்கக்கூட முடியலன்னா நீ எதுக்கு?" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார்.

சுப்பிரமணி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அவருக்கு அங்கே வேலை இல்லை.

அந்தத் திங்கட்கிழமையே, யாருக்கும் சொல்லாமல், அந்தக் கேள்வியைக் குறிப்பில் சேர்த்துவிட்டேன். திருடியதைத் திரும்ப வைக்கிறவள் மாதிரி இருந்தது. பத்து நாள் மண்டபத்துப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது, அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. போனைத் திருப்பிக் காட்டினார். யாரோ ஒருவரிடம் பகலா ராத்திரியா என்று ஏஜென்ட் பணிவாகக் கேட்டிருந்தது.

"இப்போ அதுவே கேக்குதேம்மா. அப்புறம் அவன் எதுக்கு?"

சுப்பிரமணி அண்ணன் மலைப்படிக்கட்டு ஓரம் மச்சான் பூக்கடையில் நின்றுகொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், சொல்லப்போனால் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவர் கையிலிருந்த சரத்தைக் கட்டி முடித்துவிட்டுப் பேசினார்.

"அந்த ரெண்டு பேரையும் லிஸ்டுல பாத்தேம்மா. போன் போட்டுக் கேக்கலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கு நான் சொல்லச் சொல்ல நீ எழுதிகினு இருந்த இல்ல, அதான் மிஷினே கேட்டிருக்கும்னு விட்டுட்டேன். தப்பு எம்மேலதான்."

உங்கள்மேல் இல்லை அண்ணா என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. ஒரு முழம் பூவை இலையில் சுற்றி என் கையில் கொடுத்து, அழாமல் வீட்டுக்குப் போகச் சொன்னார்.