குதிகால் நடை

மருந்துக்கடைக்காரிக்கு ஐந்து வருடமாகக் கால் நரம்புகள் சோர்ந்துகொண்டே வந்தன. பாதம் சரியாக எழும்பாததால் சமதரையிலும் தடுக்கினாள். இது பரம்பரை நோய் என்று டாக்டர் சொன்ன நாள் முதல் அவள் சித்தப்பா ஒரே பாட்டைத்தான் பாடினார். "எங்க பக்கம் யாருக்கும் கிடையாது. எல்லாம் உங்க அம்மா வழிதான்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் அதையே மறுபடி ஆரம்பித்தார். அம்மாவின் முகம் தொங்கியது. மகளுக்குக் குறும்பு முளைத்தது.

"சித்தப்பா, என் நோயைச் சோதிக்கறப்ப முன்பாதத்தைத் தூக்கிக்கிட்டு குதிகால்லயே நடக்கச் சொன்னாரு டாக்டர். என்னால முடியல. உங்களால முடியுமா?"

"இதென்ன பிரமாதம்!" என்று சித்தப்பா எழுந்தார். முக்கிப் பார்த்தார், முன்பாதம் தரையை விடுவதாயில்லை. இரண்டாம் முயற்சியில் சோபாவில் பொத்தென்று விழுந்தார். அம்மாவோ கூடத்தைக் குதிகாலாலேயே கடந்து, சமையலறை வாசலில் திரும்பி நின்று கும்பிடு போட்டாள்.

சித்தப்பா தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரிக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க, சித்தப்பா. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறேன். கூட வர்றீங்களா?"

"வர்றேன்மா. ஆனா உங்க அம்மா வேண்டாம்."

"கார் ஓட்டுறதே அவங்கதான், சித்தப்பா."