மின்கம்பம் படுத்துக் கிடந்த நான்கு நிமிடங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. நான் மெத்தை வாங்கப் போனவன். கடையின் முன்பக்கம் மாதிரி மெத்தைகள், பின்பக்கம் அதே முதலாளியின் தையல் கூடம், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது:

"அவனைப் பத்தாவது இடத்துல எழுதினா, நான் இந்த மெஷினை விட்டே எழுந்து போயிடுவேன்!"

காதைத் தீட்டிக்கொண்டேன். நாற்பது நிமிடம் நகரவில்லை. விற்பனையாளர் இரண்டு முறை வந்து, "சார், படுத்துப் பாக்கறீங்களா?" என்றார். படுத்துக்கொண்டும் கேட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். அவ்வளவு பரபரப்பு.

2

[தொடக்கம், முதல் முயற்சி: "மல்யுத்தம் என்பது மனித குலத்தின் ஆதி வேட்கைகளுள்" — வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.]

[இரண்டாவது முயற்சி: "வெளியே மேகம் கவிந்திருந்தது. அவள் ஊசியில் நூலைக் கோத்தபடி" — கூடத்துக்கு ஜன்னலே கிடையாது. மேகத்தை யார் பார்த்தது?]

2 (மறுபடியும்)

அவள் விளிம்பு தைப்பவள். மெத்தையின் மேல்துணியையும் பக்கத்துணியையும் சேர்த்து ஓரத்தில் நாடா வைத்துத் தைக்கும் மெஷின் அவளுடையது. மெத்தை மேஜையில் கிடக்கும், மெஷின் அதைச் சுற்றி வரும், மெஷினோடு சேர்ந்து அவளும் சுற்றி வருவாள். ஒரு நாளைக்கு முப்பது மெத்தை. சுற்றிக்கொண்டே சண்டை போடுவது அவளுக்குக் கைவந்த கலை. எதிராளி அவள் கூடப்பிறந்த தம்பி, அதே கடையின் வேன் ஓட்டுநர். மூன்றாவது ஆள் பஞ்சு வெட்டுபவர், ஐம்பது வயது. எந்தக் கட்சியிலும் சேராதவர் என்பதால் அவருக்கு 'நடுவர்' என்று பெயர்.

மதிய இடைவேளைக்கு முன்பு ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, தம்பி அதன் மேல் எழுதினான்: எல்லாக் காலத்துக்கும் சிறந்த மல்யுத்த வீரர்கள், பத்துப் பேர்.

"கருங்கல்தான் முதல் இடம். அதுல பேச்சே இல்ல" என்றாள் அக்கா.

"கருங்கல்லுக்கு என்னக்கா தெரியும்? நடந்து வருவான், முறைப்பான், ஒரே குத்து, போயிடுவான். என் வேன்கூட அவனைவிட நல்லாத் திரும்பும்."

"டேய், அவன் முறைக்கறதைப் பாக்கறதுக்கே பாதி அரங்கம் நிறையும். உன் வேனைப் பாக்க யாருடா வர்றா?"

"சரி விடு. பச்சை முகமூடி?"

"மூணாவது. தாராளமா."

"மூணாவதா! முகமூடியைக் கழட்டினதுக்கப்புறம் ஒரு ஆட்டமாவது உருப்படியா ஆடினானா?"

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றார் நடுவர்.

"நீங்க சும்மா இருங்கண்ணே!" என்று இருவரும் ஒரே மூச்சில் பாய்ந்தார்கள்.

இப்படியே ஒன்பது இடம் நிரம்பியது. பத்தாவதில் தம்பி யாரையும் கேட்காமல் 'மின்கம்பம்' என்று எழுதினான். மெஷின் நின்றது. நான் கேட்ட கத்தல் அப்போது எழுந்ததுதான். அதற்கு முன் நடந்ததைப் பின்னால் அவர்கள் போட்ட சண்டையிலிருந்து ஒட்டுப்போட்டுக்கொண்டேன்.

*அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி முடித்தது. தெரியாதவர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். ரசிகர்களுக்கு அது எப்போதோ தெரியும். ஆனால் விழுவதை மட்டும் யாரும் பேசி முடிக்க முடியாது. ஏழடி உயரத்திலிருந்து விழுகிறவன் ஏழடி உயரத்திலிருந்துதான் விழுகிறான்.*

3

மின்கம்பம் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் தவித்துப்போவீர்கள். ஏறக்குறைய ஏழடி, ஒல்லி, பெரும்பாலும் தோற்கிறவன். அவன் வித்தை ஒன்றே ஒன்று: அடிபட்டு விழுந்து செத்தவன்போலக் கிடப்பான். எதிராளி கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் கும்பிடு போடும் நேரத்தில் விருட்டென்று எழுந்து பின்னாலிருந்து பிடிப்பான். கூட்டம் கூரையைப் பிய்த்துவிடும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கருங்கல்லோடு அவனுக்குப் பெரிய ஆட்டம். அக்காவும் தம்பியும் மூன்றாவது வரிசை. பதினோராவது நிமிடத்தில் கருங்கல் அவனைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தான். மின்கம்பம் கிடந்தான். பத்து நொடி, இருபது நொடி. அக்கா நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள்: "எழுந்திரு! போதும் நடிப்பு!"

ஆறாயிரம் பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பாதி அரங்கம் "எழுந்திரு!" என்றது, மறுபாதி "போதும் நடிப்பு!" என்றது. நான்கு நிமிடம் அந்தக் கொண்டாட்டம் ஓயவில்லை. பிறகு தூக்குப்படுக்கை வந்தது, அதைப் பார்த்தும் சிரித்தார்கள். அவன் அதன்பின் மேடை ஏறவே இல்லை. சொந்தக் காரணங்களுக்காக விலகினார் என்றது நிர்வாகம். தோற்கச் சொன்னதால் கோபித்துக்கொண்டு படுத்துவிட்டான், ஆட்டத்தையே பாழாக்கினான் என்றார்கள் ரசிகர்கள். இன்றும் ரசிகர்கள் கூட்டத்தில் யாராவது பாதியில் கைவிட்டால், "மின்கம்பம் மாதிரி படுத்துட்டான்" என்பார்கள்.

நாற்காலி மேல் நின்று கத்தும் அக்காவின் வீடியோவை உலகமே பார்த்தது. அவளுக்கு 'முதல் குரல்' என்று பெயர் வந்தது. வருடாவருடம் நடக்கும் ரசிகர் சந்திப்பில் அவளை மேடைக்கு அழைப்பார்கள். அவள் மைக்கைப் பிடித்து "எழுந்திரு!" என்பாள், கூடமே "போதும் நடிப்பு!" என்று அதிரும். அதோடுதான் சந்திப்பு தொடங்கும். இந்த வருடச் சந்திப்பு நாளை.

[வீட்டில் அவள் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எனக்கு அது தெரியாது. ஆனால் வருடத்தில் ஒரு நாள் ஒரு கூடம் நிறைய ஆட்கள் உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தால் நீங்கள் அதை விடுவீர்களா? நான் விட மாட்டேன்.]

4

இந்தத் தம்பியை நான் நம்பவில்லை. பன்னிரண்டு வருடம் சும்மா இருந்தவனுக்கு இன்றைக்கு என்ன வந்தது? முதல் வரைவில் அவனை நியாயவானாக எழுதி, நெஞ்சில் கை வைத்துப் பேச விட்டேன். சகிக்கவில்லை. உண்மையில் அவன் அக்காவின் மூக்கை உடைக்கத் துடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அன்றைய ஆட்டத்தை யாரோ வேறு கோணத்தில் எடுத்த பழைய வீடியோ போன வாரம் அவன் போனுக்கு வந்திருந்தது.

"இங்க பாருக்கா. இது அவனோட வேற ஆட்டம். விழறான். உள்ளங்கை என்ன பண்ணுது?"

"தரையை அறையுது. அதுல என்ன? எல்லாரும் அறைவாங்க. அடி முதுகுக்குப் போகாம கைக்குப் போகும். எனக்கே பாடம் எடுக்கறியா?"

"இது இன்னொண்ணு. அறையறான், அப்புறம்தான் செத்த மாதிரி கிடக்கறான். இது மூணாவது. அறையறான். இப்ப அன்னிக்கு நடந்ததைப் பாரு."

அவள் பார்த்தாள். கருங்கல் எறிகிறான். நெட்டை உடம்பு விழுகிறது. கை அதன் பாட்டுக்குப் பின்னால் வந்து விழுகிறது. அறையவில்லை.

"வேணும்னேதான் அறையாம விட்டிருப்பான். நிஜம் மாதிரி தெரியணும்ல? பெரிய ஆட்டம்டா அது."

"முடியாதுக்கா. பத்தாயிரம் தடவை அறைஞ்ச கை அது."

"ஏன் முடியாது? நான் செஞ்சு காட்டறேன் பாரு!"

அடடா, அந்தக் கணம்! மெத்தைகளை இழுத்துப் போடும் சத்தம், மேஜை கிறீச்சிடும் சத்தம், "அக்கா, புடவையைச் செருகிக்கோ" என்று தம்பி பதறுவது, எல்லாம் எனக்குக் கேட்டது. தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்துவிட்டேன். வெட்கமாக இல்லை. நான்கு மெத்தையை அடுக்கி, நாற்பது வயதுப் பெண்மணி பஞ்சு வெட்டும் மேஜை மேல் ஏறி, மெத்தைக்கு முதுகு காட்டி நின்று, கையை அசைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தாள்.

பட்டென்று கேட்டது. இரண்டு உள்ளங்கையும் மெத்தையை அறைந்திருந்தன. சின்ன வயதிலிருந்து தம்பியோடு கட்டிலில் விழுந்து விழுந்து பழகிய கைகள்.

"இது கணக்குல வராது. மறுபடி."

பட்.

"ஒரு நிமிஷம் இரு. மூச்சு வாங்குது. மறுபடி."

பட்.

ஆறு முறை விழுந்தாள். தம்பி மூன்றாவது விழுதல்வரை குதித்துக்கொண்டிருந்தான். நான்காவதில் குதிப்பதை நிறுத்தினான். ஆறாவதில் அவள் எழாமல் மெத்தையிலேயே கிடந்து, தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நடுவர் போனை வாங்கி அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தார். நான்கு நிமிடமும். பிறகு பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு கட்சியில் சேர்ந்தார்.

"இவன் நடிக்கலம்மா" என்றார்.

5

இங்கே நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஒன்றும் தெரியாத குழந்தை அன்று அரங்கில் இருந்திருந்தால், "ஐயோ, அந்த மாமாவுக்கு அடிபட்டுடுச்சு" என்று அழுதிருக்கும். அக்காவுக்கு எல்லாம் தெரியும், அதனால்தான் தப்பு செய்தாள். எது நடிப்பு என்று விரல் நுனியில் வைத்திருக்கும் ரசிகர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

"கையைப் பாத்தது போதும்" என்றாள் அவள், வீடியோவைத் தானே பார்த்தபடி. "மேடையில நின்னு ஆட்டத்தை நடத்தறவரைப் பாரு. குனியறார். அவன் முகத்தைப் பாக்கறார். நிமிர்ந்து எங்களைப் பாக்கறார். சிரிக்கறார். பாரு, சிரிக்கறார்டா! கூட்டம் இவ்வளவு குஷியா இருக்கறப்ப எவன் ஆட்டத்தை நிறுத்துவான்? நாலு நிமிஷம்டா. நான் கத்தினதுல நாலு நிமிஷம் அவனை அப்படியே போட்டு வெச்சுட்டாங்க."

"நானும்தான் கத்தினேன்க்கா."

"நீ ரெண்டாவதா கத்தினே."

அப்போது விற்பனையாளர் மூன்றாவது முறையாக வந்து, "சார், எடுக்கறீங்களா இல்லையா?" என்றார். எடுத்துக்கொண்டேன். எனக்கு நிஜமாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) ஏழடி நீளத்தில், கடினமான மெத்தை வேண்டும் என்று கோல் ஊன்றிய நெட்டை மனிதர் ஒருவர் கடைக்கு வருகிறார். அக்கா தடுப்பைத் தாண்டி வந்து — சேச்சே. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனாலேயே அடித்தேன். இப்படி வசதியாக யாரும் மன்னிப்புக் கேட்கக் கிடைப்பதில்லை.

(ஆ) அட்டையில் பத்தாவது இடத்தில் அவன் பெயரை அவளே அழுத்தி எழுதுகிறாள். தம்பி கை தட்டுகிறான். மெஷின் மறுபடி சுற்றுகிறது. அழகாக இருக்கிறது. ஆனால் நாளை அவள் மேடை ஏற வேண்டுமே? அட்டையை மூன்று பேர் பார்ப்பார்கள். மேடையை?

(இ) அவள் சந்திப்புக்குப் போகவில்லை. வேறு யாரோ மைக்கைப் பிடித்து "எழுந்திரு!" என்கிறார்கள். கூடம் வழக்கம்போல் அதிர்கிறது. இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவள் இல்லாமலும் அது நடக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டத்தை நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். நானும் சோபா மேல் ஏறி நின்று கத்தினேன். தொலைக்காட்சிக்குக் காது கிடையாது, அதனால் என் பங்கு அதில் இல்லை என்று மெத்தை வாங்கப் போகிற நாள்வரை நிம்மதியாக இருந்தேன்.

7

அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். கதை சொல்லத் தெரியாமல் தப்பிக்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

நாளை. கூடம் நிறைந்து வழிகிறது. பத்து நாளாக இதற்காகவே காத்திருந்தீர்கள். உங்களுக்கு மூன்றாவது வரிசை. முதல் குரல் மேடை ஏறுகிறாள், விசில் காதைக் கிழிக்கிறது. தம்பி மேடையின் ஓரத்தில் நிற்கிறான். அவள் மைக்கைக் கையில் வாங்குகிறாள்.

பேசவில்லை.

ஐந்து நொடி. பத்து நொடி. அவள் வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. பின்வரிசையில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அக்கா சும்மா நடிக்குது" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எடுத்துக்கொடுத்தால் தொடங்கிவிடுவாள் என்று நினைக்கிறீர்கள். அந்த ஒற்றைச் சொல் உங்களுக்கு மனப்பாடம், கூடம் முழுக்க அதற்காகத்தான் காத்திருக்கிறது.

அவள் உங்கள் வரிசையைப் பார்க்கிறாள். நீங்கள் நாற்காலி மேல் ஒரு காலை வைத்துவிட்டீர்கள். இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.